கரைமணலும் கடைவாய்ப் பல்லும்

திருகோணமலை என்னும் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் வைத்து எண்ணப்படும் அதன் ஆழ்ந்த குடா. மற்றையது, சுவாமிமலைப் பாறையின் உச்சியிலே கடலை நோக்கி நிற்கும் கோணேசர் கோவில். இவ்விரண்டுக்கும் அப்பால், அம்மாவட்டத்தின் வடகோடியிலே வேறொரு செல்வம் கிடக்கிறது. நகரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக ஏறக்குறைய 55 கிலோமீற்றர் வடக்கே சென்றால் புல்மோட்டைக் கடற்கரையை அடையலாம். அங்கே மணல் வெண்மையாக இராது, கருமை படர்ந்திருக்கும். ஒரு பிடி அள்ளிப் பார்ப்பவர் அதன் பாரத்தைக் கண்டு வியப்படைவர்.

அம்மணலிலே பத்தில் ஏழு பங்கு அளவுக்கு இல்மனைற்று என்னும் கரிய கனியம் அடங்கியுள்ளது. எஞ்சியவற்றுள் ரூற்றைல், சிர்க்கோன் என்பன குறிப்பிடத்தக்கவை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொந்தளிக்கும் கடல் இக்கனியங்களைக் கரையிலே கொண்டுவந்து சேர்க்கிறது. இலகுவான மணலை அலை திரும்ப வாரிச் செல்ல, பாரமான கனியங்கள் கரையிலேயே தங்கிவிடுகின்றன. முறத்திலே நெல்லைப் புடைக்கும்போது பதர் பறந்து மணி நிற்பது போன்ற வேலையைக் கடல் செய்கிறது எனலாம். இந்த மணலை அகழ்ந்து பிரித்தெடுப்பதற்காக 1957 ஆம் ஆண்டில் அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இத்தகைய மணல் உண்டு.

இக்கனியங்களுள் சிறிய பங்கினதாகிய சிர்க்கோன், பல உருமாற்றங்களை அடைந்தபின், மனிதரின் வாயினுள்ளே ஒரு பல்லாக அமரும் தகுதியைப் பெறுகிறது. இன்று பல்வைத்தியர்கள் பொருத்தும் வெண்ணிறப் பீங்கான் பல்லுறைகளிற் பல சிர்க்கோனியா என்னும் பொருளால் ஆனவை. அச்சிர்க்கோனியா சிர்க்கோன் மணலிலிருந்தே பெரும்பாலும் பெறப்படுகிறது. இன்ன பல்லுறை இன்ன கரையின் மணலிலிருந்து வந்தது என்று எவரும் சுட்டிக் காட்ட இயலாது. ஆயினும் இரண்டுக்கும் உள்ள உறவு ஐயத்துக்கு இடமற்றது.

சிர்க்கோனைப் பிரித்தெடுக்கும் முறை சுவையானது. முதலில் நீரோட்டத்தின் உதவியால் பாரமான கனியங்கள் சாதாரண மணலிலிருந்து பிரிக்கப்படுகின்றன. பின்னர் காந்தத்தின் அருகே செலுத்தினால் இல்மனைற்று ஈர்க்கப்பட்டு விலகும். அடுத்து, மின்னேற்றிய உருளைகளின்மேல் வீழ்த்தினால், மின்னைக் கடத்தும் ரூற்றைல் ஒரு பக்கம் தெறித்து ஓடும். காந்தத்துக்கும் மசியாமல் மின்னுக்கும் மசியாமல் எஞ்சி நிற்பதே சிர்க்கோன்.

சிர்க்கோனியாவின் வரலாற்றிலே இலங்கைக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1789 ஆம் ஆண்டில் பேர்லின் நகரத்து இரசாயன அறிஞர் மார்ட்டின் ஹைன்ரிக் கிளாப்ரோத், இலங்கையிலிருந்து சென்ற ஒரு சிர்க்கோன் கல்லைப் பகுத்து ஆராய்ந்தார். அதுவரை அறியப்படாத ஒரு 'மண்' அதிலே கலந்திருப்பதைக் கண்டு வெளியிட்டார். அந்த மண்ணே சிர்க்கோனியா. அதனுள் அடங்கிய சிர்க்கோனியம் என்னும் உலோகத்தை 1824 இல் சுவீடன் தேசத்து பெர்சீலியஸ் பிரித்தெடுத்தார். பின்னர் 1892 இல், இரக்குவானைப் பகுதியிலே யோசப் பாடலி என்பவர் கண்டெடுத்த கனியம் ஒன்று, இயற்கையாகவே அமைந்த சிர்க்கோனியா என அறியப்பட்டது. அது இன்றும் அவர் பெயராலேயே 'பாடலியைற்று' என வழங்குகிறது.

இனிப் பல்லுறையின் கதைக்கு வருவோம். சொத்தையாலோ முறிவாலோ ஒரு பல்லின் மேற்பகுதி பெரிதும் அழிந்துவிட்டால், எஞ்சிய அடிப்பகுதியைச் செதுக்கிச் சீராக்கி, அதன்மேல் தொப்பி போன்ற ஓர் உறையைப் பொருத்துவது வழக்கம். முற்காலத்தில் அவ்வுறை பொன்னாலோ வேறு உலோகத்தாலோ ஆனது. அது உறுதியாக இருந்தாலும் நிறம் இயற்கைப் பல்லோடு ஒத்துவராது. 1903 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெற்றொயிற் நகரத்துப் பல்வைத்தியர் சார்ள்ஸ் லாண்ட் பீங்கானாலேயே முழுப் பல்லுறை செய்து காட்டினார். அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனித்து விமானத்தில் கடந்த சார்ள்ஸ் லிண்ட்பேர்க்கின் தாய்வழிப் பாட்டனார் அவரே. அவர் செய்த உறை கண்ணுக்கு அழகாய் இருந்தது; ஆனால் கடினமான பண்டத்தைக் கடித்தால் வெடித்துவிடும். இக்குறையைத் தீர்ப்பதற்காக, உலோக உறையின்மேல் பீங்கானைப் படியச் சுடும் முறை 1960களில் பரவலாயிற்று.

பீங்கான் ஏன் வெடிக்கிறது? அதன் மேற்பரப்பிலே ஒரு நுண்ணிய விரிசல் தோன்றிவிட்டால், அதைத் தடுத்து நிறுத்த வல்லது எதுவும் பீங்கானில் இல்லை; விரிசல் ஓடி முடியும்வரை ஓடும். சிர்க்கோனியா இவ்விடயத்தில் வேறுபட்டது. தூய சிர்க்கோனியாவைச் சூளையிலே சூடேற்றினால் 1170 பாகை செல்சியசுக்கு மேல் அதன் அணு ஒழுங்கு மாறி நெருக்கமாகிறது. ஆறும்போது பழைய ஒழுங்குக்குத் திரும்பி 4 அல்லது 5 விழுக்காடு பருக்கிறது. அதனால் தானாகவே நொறுங்கிவிடுகிறது. இத்திரியா என்னும் மற்றோர் ஒட்சைட்டைச் சிறிதளவு கலந்தால், சூட்டிலே பெற்ற நெருக்கமான ஒழுங்கு ஆறிய பின்னும் அப்படியே நிலைக்கும். 1975 இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் கார்வி, ஹனிங்க், பாஸ்கோ ஆகியோர், சிர்க்கோனியாவின் இந்த ஒழுங்கு மாற்றத்தையே அதற்கு வலிமை தரும் கருவியாக்கலாம் என்பதை விளக்கினர். விரிசல் ஒன்று தோன்றினால், அதன் நுனியில் உள்ள மணிகள் நெருக்கம் விட்டுப் பருத்து விரிசலின் வாயை அடைத்துவிடுகின்றன. இதனால் சிர்க்கோனியா பழைய பல்பீங்கானைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வளைவைத் தாங்கும் வலிமை பெற்றது. தொண்ணூறுகளின் பின்னர் பல்வைத்தியத் துறையினுள் நுழைந்த இப்பொருள் கடைவாய்ப் பல்லின் முழு உறைக்கும் ஏற்றதாயிற்று.

ஆயினும் இவ்வலிமையைக் கண்டு பலர் அஞ்சினர். அச்சம் நியாயமற்றதன்று. எனாமல் என வழங்கும் மிளிரியே மனித உடலில் மிகக் கடினமான பொருள். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவையில் அது 300 என்னும் எண்ணுக்கு அண்மையில் நிற்கிறது. சிர்க்கோனியாவோ 1200 ஐ எட்டுகிறது. மேல்வாயில் இத்தகைய உறை அமைந்தால், அதனோடு நாள்தோறும் மோதும் கீழ்வாய்ப் பல் தேய்ந்து கரைந்துவிடாதா? ஒரு பல்லைக் காக்கப் போய் மற்றொரு பல்லை இழப்பது எவ்வகைச் சிகிச்சை?

இவ்வினாவுக்கு விடை தமிழர் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. அம்மி கருங்கல்லால் ஆனது. மிளகாயினும் மல்லியினும் பன்மடங்கு கடினமானது. எனினும், நெடுநாட் பழகித் தேய்ந்து வழுவழுப்பான அம்மியில் கூட்டு அரைபடாது, வழுக்கி ஓடும். அப்போது உளி பிடிப்பவரை அழைத்து அம்மியைக் கொத்துவிப்பார்கள். கொத்திய பின் அதே கல் மீண்டும் அரைக்கும். கல்லின் கடினம் கொத்துவதற்கு முன்னும் பின்னும் ஒன்றே. மாறியது மேற்பரப்பின் சொரசொரப்பு மாத்திரமே. ஆகவே அரைப்பது கடினம் அன்று. கடினத்தோடு கூடிய சொரசொரப்பே அரைக்கிறது.

பல்லுறையிலும் இவ்விதியே செல்லும் என்பதை ஆய்வுகூடச் சோதனைகள் மெய்ப்பித்துள்ளன. மெல்லும் இயக்கத்தைப் போலவே அசையும் இயந்திரங்களில், ஒரு புறம் சிர்க்கோனியாவையும் மறு புறம் இயற்கைப் பல்லின் மிளிரியையும் பொருத்தி, இலட்சக்கணக்கான முறை உராயவிட்டு ஆராய்ந்தனர். நன்கு மெருகூட்டிய சிர்க்கோனியா எதிர்ப்பல்லை மிகக் குறைவாகவே தேய்த்தது. அதைவிட மென்மையான பழைய பல்பீங்கானோ அதிகம் தேய்த்தது. காரணம் இதுவே: பழைய பீங்கான் பெரும்பாலும் கண்ணாடித் தன்மை உடையது. உராயும்போது அதன் மேற்பரப்பிலிருந்து சிறுசிறு சில்லுகள் பெயர்ந்து கூரிய விளிம்புகள் தோன்றுகின்றன. தேயத் தேய அது மேலும் சொரசொரப்பாகிறது. சிர்க்கோனியாவின் மணிகளோ ஒரு மைக்ரோமீற்றரினும் சிறியவை, இறுகப் பிணைந்தவை. ஒரு முறை மெருகு ஏறிவிட்டால் அம்மெருகை எளிதில் இழக்கமாட்டா.

இதிலே உள்ள எச்சரிக்கையை மறக்கலாகாது. மெருகை எளிதில் இழக்காத அதே பொருள், சொரசொரப்பையும் எளிதில் இழக்காது. சொரசொரப்பாக விடப்பட்ட சிர்க்கோனியா உறை, வாயினுள்ளே வைத்த கொத்திய அம்மிக்கு ஒப்பாகும். அது தானாகத் தேய்ந்து வழுவழுப்பாகும் என்று காத்திருந்தால், அதற்குள் எதிர்ப்பல்லே தேய்ந்துவிடும். வெட்டுண்ட தோல் ஆறும். முறிந்த எலும்பு பொருந்தும். மிளிரிக்கு அப்பேறு இல்லை. அதனை உருவாக்கிய உயிர்க்கலங்கள், பல் முரசை விட்டு வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. இயல்பான மெல்லுதலால் கடைவாய்ப் பல்லின் மிளிரி ஆண்டுக்கு ஏறக்குறைய 30 மைக்ரோமீற்றர் தேய்கிறது எனக் கணித்திருக்கின்றனர். மிகத் தடித்த இடத்திலும் அதன் கனம் 2.5 மில்லிமீற்றர் அளவே. இயற்கை ஒரு வாழ்நாளுக்கென்று அளந்து வைத்த இம்முதலைச் சில ஆண்டுகளில் கரைத்துவிடுவது பெரிய நட்டம். உறக்கத்திலே பற்களை நறநறவெனக் கடிக்கும் பழக்கம் உள்ளோர்க்கு இவ்வாபத்து இன்னும் அதிகம்.

சொரசொரப்பினால் வரும் கேடு தேய்மானத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு மேற்பரப்பின் மேடுபள்ளங்களை வைரமுனை ஊசியொன்றை அதன்மேல் ஊரவிட்டு அளக்கின்றனர். நடுக்கோட்டிலிருந்து மேடுகளும் பள்ளங்களும் சராசரியாக எவ்வளவு விலகியுள்ளன என்பதே சொரசொரப்பின் அளவு. இது மைக்ரோமீற்றரில், அதாவது மில்லிமீற்றரின் 1000 இல் ஒரு பங்கில், குறிக்கப்படும். 1997 ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போலன், லாம்பிரெக்ற்ஸ், குய்ரினென் ஆகியோர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, 0.2 மைக்ரோமீற்றர் என்ற எல்லையைக் குறித்தனர். அதற்கு மேற்பட்ட சொரசொரப்பில் கிருமிகள் மிகுதியாகத் தங்கிப் படலமாகப் படிகின்றன. அதற்குக் கீழே மேலும் மேலும் மெருகூட்டினாலும் கிருமிகள் அதனாற் குறைவதில்லை. வாயிலே வாழும் கிருமி ஒன்றின் பருமன் ஒரு மைக்ரோமீற்றர் அளவானது என்பதை நினைத்தால் இதன் பொருத்தம் விளங்கும். பள்ளம் கிருமிக்குப் புகலிடம். துலக்கும் தும்பு அங்கே எட்டாது. உறையின் விளிம்பு முரசைத் தொடும் இடத்தில் இப்படலம் தங்கினால் முரசு வீங்கும், இரத்தம் கசியும். வெற்றிலை போடுவோர்க்கு மற்றுமொரு தொல்லை உண்டு. சொரசொரப்பான உறையில் காவி விரைவில் ஏறும்.

உறையை வழுவழுப்பாக்கும் வழிகள் இரண்டு. சட்டிபானைக்கும் கோப்பைக்கும் பூசுவதுபோல், உறையின்மேல் மெல்லிய கண்ணாடிப் பூச்சைப் பூசிச் சூளையிலே சுடுவது ஒன்று. படிப்படியாக நுண்மையான வைரத்தூள் கலந்த இறப்பர்ச் சக்கரங்களால் தேய்த்து மெருகூட்டுவது மற்றொன்று. பூச்சிட்ட உறை பளபளவென்று கண்ணைக் கவரும். ஆனால் அப்பூச்சு மெல்லியது. எதிர்ப்பல்லோடு உராயும் இடத்தில் நாளடைவில் தேய்ந்து நீங்கிவிடும். நீங்கும்போது அதன் சில்லுகளே மிளிரியைக் கீறும். பூச்சின் அடியிலே சொரசொரப்பு மறைந்திருந்தால் அதுவும் வெளிப்படும். ஆதலால், பற்கள் ஒன்றோடொன்று மோதும் பகுதியை முதலில் நன்றாக மெருகூட்ட வேண்டும் என்பதே சோதனைகள் தரும் முடிவு. பளபளப்பு வேறு, வழுவழுப்பு வேறு.

மிக முக்கியமான கட்டம் இனித்தான் வருகிறது. சிர்க்கோனியா உறை, முதலில் சுண்ணக்கட்டிபோன்ற மிருதுவான நிலையில், வேண்டிய அளவைவிடப் பெரிதாகக் கடையப்படுகிறது. பின்னர் ஏறக்குறைய 1500 பாகை வெப்பத்தில் சுடும்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிச் சரியான அளவை அடைகிறது. எவ்வளவு கணக்காகச் செய்தாலும், வாயிலே பொருத்திப் பார்க்கும்போது ஓரிடத்தில் சற்று உயரமாக இருப்பது உண்டு. பல்வைத்தியர் நிறத்தாளைக் கடிக்கச் செய்து, கறை பதிந்த இடத்தை வைரத் துருவியால் தேய்த்துக் குறைப்பார். சாதாரண வைரத் துருவியின் துகள்கள் 100 மைக்ரோமீற்றர் அளவானவை. வழுவழுப்பான உறையின்மேல் அவை உழவு சால்போல் கீறல்களை இடும். அம்மியைக் கொத்தும் வேலை வாயினுள்ளே நடக்கிறது. அதுவும் எதிர்ப்பல் மோதுகின்ற அதே இடத்தில் நடக்கிறது. ஆகவே தேய்த்துக் குறைத்த உறையை அவ்வாறே விட்டுவிடலாகாது. நுண்மையான துருவி, கரடான இறப்பர்ச் சக்கரம், மிருதுவான இறப்பர்ச் சக்கரம், வைரப்பசை என ஒழுங்கு தவறாமல் மீண்டும் மெருகேற்ற வேண்டும். சூடேறாமல் நீர் தெளித்தவாறே செய்தல் நன்று. இதற்குச் சில நிமிடங்கள் செல்லும். பார்வைக்கு வேறுபாடு பெரிதாகத் தோன்றாத வேலையாதலால், அவசரத்தில் விடுபடக்கூடிய வேலையும் இதுவே.

உறை முழுவதும் ஒரே வகையாய் வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்று எண்ணுவதும் பிழை. அதன் உட்புறம் பல்லின் அடிப்பகுதியை ஒட்டிப் பிடிக்க வேண்டியது. பழைய பீங்கானின் உட்புறத்தை அமிலத்தால் அரித்து ஒட்டுப்பசைக்குப் பிடிப்பு உண்டாக்குவர். சிர்க்கோனியாவில் அரிபடக்கூடிய கண்ணாடி இல்லை. ஆதலால் அலுமினாத் துகளைக் காற்றின் அழுத்தத்தால் வீசி, உட்புறத்தைச் சற்றே சொரசொரப்பாக்குகின்றனர். புறம் வழுவழுப்பு, அகம் சொரசொரப்பு: இரண்டும் தத்தம் இடத்தில் அமைந்தாலே உறை தன் கடமையைச் செய்யும்.

பல்லுறை பெறுவோர் இதில் செய்யத்தக்கது யாது? வாயினுள்ளே இயற்கை வைத்த பரிசோதகர் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் நாக்கு. ஏறக்குறைய அரை மைக்ரோமீற்றர் அளவான சொரசொரப்பை நாக்கின் நுனி உணரும் என்று 2004 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதத் தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்கை ஒத்த மேடுபள்ளம் அது. எனவே உறையைப் பொருத்தியபின் நாக்கில் ஏதேனும் உறுத்தினால், பழகிவிடும் என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. அவ்விடத்திலேயே வைத்தியரிடம் கூற வேண்டும். ஆனால் நாக்கு உறுத்தவில்லை என்பதையே போதிய சான்றாகக் கொள்வதும் சரியன்று. நாக்கு உணரும் எல்லை அரை மைக்ரோமீற்றர். கிருமி விரும்பும் எல்லையோ 0.2 மைக்ரோமீற்றரில் தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சொரசொரப்பை நாக்கு அறியாது. ஆகையால், "உயரத்தைக் குறைத்த இடத்தை மீண்டும் மெருகேற்றியாயிற்றா?" என்று பணிவோடு வினவுவது நோயாளரின் உரிமை. நல்ல வைத்தியர் அவ்வினாவைக் கேட்டு மகிழ்வரேயன்றிச் சினங்கொள்ளார். ஆண்டுதோறும் நடக்கும் பரிசோதனையின்போது உறையை மட்டும் பாராமல், அதை எதிர்நோக்கும் இயற்கைப் பல்லையும் பார்க்கச் சொல்வது மற்றுமொரு நற்பழக்கம்.

பல் போனால் சொல் போகும் என்று பெரியோர் கூறினர். போன பல்லின் இடத்தை நிரப்பும் கலை இன்று வெகுவாக வளர்ந்துவிட்டது. கடலும் காந்தமும் மின்னும் பிரித்துத் தந்த மணலிலிருந்து, முறியாத உறை செய்யும் வித்தையை மனிதர் கற்றுக்கொண்டனர். ஆயினும் அவ்வுறைக்கு எதிரே நிற்கும் பல்லை எந்தச் சூளையிலும் வார்க்க இயலாது. அதனைக் காப்பது, இறுதியாகச் செலவிடப்படும் அந்தச் சில நிமிட மெருகுதான்.